“நான் என்ன அப்படிப்பட்டவளா?” என்று கேட்கும் தங்கைக்கு எச்பிவி ஊசி பற்றி என்ன சொல்வது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கி எழுதிக்கொள்கிறேன்; இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு. நீங்கள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறீர்கள். தங்கைக்கு 16 வயது. பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது ப்ளஸ் ஒன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசிக்குப் பள்ளியில் பெயர் கேட்டபோது அவள் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், “எனக்கு எதுக்கு அது? நான் என்ன அப்படிப்பட்டவளா?” என்கிறாள். அம்மாவும், “புள்ளையே வேண்டாங்கறா, விடு” என்று முடித்துவிட்டார். கடைசி வரியில் நீங்கள் கேட்டது, இந்த ஊசி பாதுகாப்பானதுதானா என்று.

பாதுகாப்பைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தங்கை ஊசிக்குப் பயந்து மறுப்பதாகத் தெரியவில்லை. பெயர் கொடுத்தால் தன்னைத் தப்பாக நினைப்பார்கள் என்று மறுக்கிறாள். அதற்குப் பக்கவிளைவுக் கணக்கைக் காட்டினால் அவள் காதில் ஏறாது. நீங்கள் உண்மையில் கேட்பது, அவளுடைய அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன பதில் என்பதைத்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பொதுச் சுகாதார நர்ஸ். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பள்ளிகளுக்குப் பல வருஷங்களாகப் போய்வருகிறேன். டாக்டர் இல்லை. உங்கள் தங்கைக்கு ஏதாவது தீவிர ஒவ்வாமையோ தொடர்ந்து மருந்து சாப்பிடுகிற நோயோ இருந்தால், அதற்கு டாக்டரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் சொல்லக்கூடியது, இந்த வயசுப் பெண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதும், ஊசியைப் பற்றி எது உறுதி, எது இன்னும் உறுதியில்லை என்பதும்தான்.

வகுப்பில் போய் நின்று “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் ஒரு கை எழாது. பின்பெஞ்சில் சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். அதனால் பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொல்வேன். அப்போதுதான் மனசில் இருப்பது வெளியே வரும். “இது போட்டா பீரியட்ஸ் நின்னுடுங்களா சிஸ்டர்?” “கல்யாணம் ஆனவங்களுக்குத்தானே அந்த நோய் வரும்?” “எங்க அத்தைக்கு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க, அது இதுதானா?” “பசங்களுக்கு ஏன் போடறதில்ல?” ஒரு சீட்டு என் மனசை விட்டுப் போவதில்லை: “இந்த ஊசி போட்டதை மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?”

இந்தியாவில் பள்ளி, கல்லூரி மாணவிகளிடம் பல ஊர்களில் ஆய்வு எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. கேன்சர் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பப்பை வாயில் வரும் கேன்சருக்கு ஒரு வைரஸ் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தடுக்க ஊசி இருப்பது அதைவிடக் குறைவான பேருக்குத் தெரியும். விளக்கிச் சொன்னபின் போட்டுக்கொள்ளத் தயார் என்பவர்கள் கூடுகிறார்கள். என் அனுபவமும் இதுவே. ஆனால் அப்படிப்பட்ட ஆய்வுகளைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். டீச்சர் பக்கத்தில் நிற்க, வகுப்பில் உட்கார்ந்து நிரப்புகிற தாளில் “சம்மதம்” என்று எழுதுவது சுலபம். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கையெழுத்து கேட்பது வேறு விஷயம்.

நம் பக்கத்தில் அந்தக் கையெழுத்துதான் பெரிய மலை. நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது. தோப்பு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குப் பேச்சு மலையாளம் வரும், எழுத்து வராது. ஆக, அந்தத் தாளை வாசித்து, அது என்ன நோய், உடம்பில் எங்கே வருகிறது, எப்படித் தொற்றுகிறது என்று தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவள் அந்த 16 வயதுப் பெண். நடுவீட்டில், அண்ணனோ தாத்தாவோ இருக்கும்போது! பெரியவர்களே வாயைத் திறக்கத் தயங்குகிற விஷயத்தைச் சொல்லும் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு, அவள் தாளைப் பையிலேயே வைத்திருந்தால் “விழிப்புணர்வு இல்லை” என்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. “எனக்கு வேண்டாம்” என்று சொல்வதுதான் அவளுக்கு அந்த இடத்தில் கிடைக்கிற ஒரே மரியாதையான வழி. உங்கள் தங்கை விஷயத்தில் இதுவும் கலந்திருக்கலாம். அம்மாவிடம் அவள் அந்தத் தாளை உண்மையிலேயே வாசித்துக் காட்டினாளா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, நாம் சொல்லிக்கொடுக்கிற பாதிப் பாடம். உடலுறவைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, “சுத்தமாக இல்லாவிட்டால் வரும், நாப்கினை நேரத்துக்கு மாற்றாவிட்டால் வரும்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மாதவிடாய்ச் சுத்தம் அவசியம்தான், ஆனால் இந்த நோய்க்குக் காரணம் அது இல்லை. காரணம் எச்பிவி என்ற வைரஸ். பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றுவது. பாதிப் பாடத்தைக் கேட்ட பெண், “நான் சுத்தமாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?” என்று நினைப்பாள். மீதிப் பாதியை அவள் கூகுளிலோ தோழியிடமோ தெரிந்துகொள்வாள். அப்போது, “அப்படின்னா என்னைப் பத்தி இவங்க என்ன நினைக்கறாங்க?” என்று கோபம் வரும். உங்கள் தங்கை அந்த இரண்டாவது கட்டத்தில் இருக்கிறாள் என்று தோன்றுகிறது. விஷயம் தெரிந்த பெண். அதனாலேயே அவளிடம் மழுப்பக் கூடாது.

என்ன சொல்லலாம்? உள்ளதைச் சொல்லுங்கள். இந்த வைரஸ் நடத்தை கெட்டவர்களைத் தேடிப் பிடிக்கிற வைரஸ் இல்லை. உலகத்தில் பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது ஒரு சமயம் இது தொற்றிவிட்டுத்தான் போகிறது. கல்யாணம் வரை யாரையும் தொடாத ஒரு பெண்ணுக்குக் கட்டிய கணவனிடமிருந்து வரலாம். அந்தக் கணவனுக்கே அது தன்னிடம் இருப்பது தெரியாது, ஏனென்றால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் கிடையாது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருஷத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிடுகிற சிலவற்றில்தான் கர்ப்பப்பை வாயின் செல்கள் மெல்ல மெல்ல மாறி, பொதுவாக 15 முதல் 20 வருஷம் கழித்துப் புற்றுநோயாகின்றன. நாற்பதுகளில் நோயோடு வருகிற பெண்ணிடம் போய் அவள் நடத்தையைப் பற்றி யோசிப்பது எவ்வளவு அநியாயம் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

அப்புறம் இதையும் சொல்லுங்கள். இன்று ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறோம். அந்த வைரஸும் ரத்தம் வழியாகப் பரவுவதோடு உடலுறவு வழியாகவும் பரவுவதுதான். அதுவும் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதுதான். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அதைப் போடும்போது யாரும் எதையும் தப்பாக நினைப்பதில்லை. எச்பிவி ஊசியும் அதே ரகம். 9 வயதிலிருந்தே போடலாம் என்பதற்குக் காரணம், அந்தப் பிள்ளை எதையோ செய்துவிடும் என்ற சந்தேகம் இல்லை. வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். வந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் விரட்ட முடியாது. எனவே உங்கள் தங்கை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது எதுவோ, அதுவே இந்த ஊசியை இப்போது போட்டுக்கொள்ள மிகச் சரியான காரணம். இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள். நான் சொன்னபோது பல பெண்களின் முகம் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊசி போட்டால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று நம்மிடம் மட்டும் பேச்சு எழவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே சந்தேகத்தை எழுப்பி, பெரிய அளவில் ஆராய்ந்து பார்த்தார்கள். ஊசி போட்ட பெண்களிடம் அதனால் நடத்தை மாறியதாக எதுவும் தெரியவில்லை.

“பசங்களுக்கு ஏன் இல்ல?” என்ற துண்டுச்சீட்டு நல்ல கேள்வி. வைரஸ் ஆண்களுக்கும் வரும். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களில் அதற்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் 2013 முதலும் பிரிட்டனில் 2019 முதலும் பள்ளிப் பையன்களுக்கும் போடுகிறார்கள். நம் நாட்டில் முதலில் பெண்களுக்கு என்று வைப்பதன் காரணம், நோயின் பாரம் பெரும்பாலும் அவர்கள் மேல் விழுவதுதான். வகுப்பில் பையன்களையும் சேர்த்து உட்காரவைத்து இதைச் சொன்னால் பெண்களின் கூச்சம் பாதி குறையும் என்பது என் அபிப்பிராயம். சில டீச்சர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, உறுதியான விஷயங்களுக்கு வருகிறேன். இந்தியாவில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தது இதுதான். 2022ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி நம் நாட்டில் அந்த ஒரு வருஷத்தில் சுமார் 1,27,000 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். எச்பிவி வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் புனே சீரம் நிறுவனம் தயாரிக்கிற செர்வாவேக் ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். ஊசிக்குள் வைரஸ் கிடையாது. வைரஸின் மேலோட்டைப் போன்ற புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்து எடுக்கிறார்கள். பருப்பு எடுத்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி. உள்ளே மரபணு இல்லாததால் அது முளைக்காது, பெருகாது, நோயை உண்டாக்காது. ஆனால் உடம்பு அந்த ஓட்டைப் பார்த்துப் பழகி, நிஜ வைரஸ் வரும்போது அடையாளம் கண்டுகொள்ளும்.

பலன் இருக்கிறதா என்பது இனி ஊகம் இல்லை. ஸ்வீடனில் ஏறக்குறைய 17 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 17 வயதுக்கு முன்னால் ஊசி போட்டவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் 2021இல் வந்த கணக்கு வயது வாரியாகச் சொல்கிறது: 12, 13 வயதில் போட வாய்ப்புப் பெற்றவர்களிடம் 87 சதவீதம் குறைவு, 14 முதல் 16 வரை 62, 16 முதல் 18 வரை 34. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு, “16 ஆகிடுச்சு, இனி எதுக்கு?” என்று நினைக்க வேண்டாம். 16 வயது ஆகிவிட்டதால் ஊசி வேலை செய்யாமல் போவதில்லை. அந்த ஊரில் அந்த வயதில் சிலருக்கு ஏற்கெனவே தொற்று வந்திருந்தது, அந்த வயதினரில் ஊசி போட்டவர்களும் குறைவு. அதனால் மொத்தக் கணக்கு இறங்கியது. வைரஸ் இன்னும் எட்டாத ஒரு பெண்ணுக்கு 16இலும் நல்ல பாதுகாப்பு கிடைக்கும்.

பாதுகாப்பு பற்றி. ஊசி போட்ட கையில் வலி, கொஞ்சம் வீக்கம், சிலருக்கு ஒரு நாள் காய்ச்சல், தலைவலி. இவை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தீவிர ஒவ்வாமை மிக மிக அரிது. முன்பு ஒரு டோஸுக்கோ ஈஸ்ட்டுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. இந்த வயசுப் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது மயக்கம். காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, முன்னால் ஒருத்தி முகம் சுளிப்பதைப் பார்த்து, தன் முறை வரும்போது கண் இருட்டும். ஒருத்தி விழுந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் விழுவார்கள். பதற்றத்தால் வருவது அது, மருந்தால் இல்லை. அதனால்தான் உட்காரவைத்துப் போட்டு, 15 நிமிஷம் உட்காரவைத்து அனுப்புகிறோம். மாதவிடாய் நாளாக இருந்தாலும் போடலாம். பலர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அன்றைக்குப் பள்ளிக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள்.

குழந்தை பிறக்காது என்ற வதந்தி இந்த ஊசிக்காகப் புதிதாகக் கிளம்பியது இல்லை. 2017இல் தமிழ்நாட்டில் பிப்ரவரியிலும் கேரளத்தில் அக்டோபரிலும் தட்டம்மை ரூபெல்லா ஊசி இயக்கம் நடந்தபோது வாட்ஸப்பில் இதே பேச்சுதான் ஓடியது. ரூபெல்லா ஊசியோ, பின்னாளில் அந்தப் பெண்ணின் வயிற்றில் வளரப்போகும் குழந்தையைக் காப்பதற்காகவே போடுவது! உங்கள் தங்கைக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும், ஒருவேளை அவளே போட்டிருப்பாள். எச்பிவி ஊசியைப் பொறுத்தவரை, 2017க்குள் 27 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் உலகம் முழுக்க விநியோகமாகியிருந்தன. அந்த அனுபவத்தை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு, மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்றது. ஜப்பானில் 2013இல் சில பெண்களின் உடல்நலக் குறைவு டிவியிலும் பத்திரிகையிலும் பெரிதாக வந்து, அரசு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 சதவீதம் போல இருந்த பங்கேற்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் சுமார் 30,000 பெண்களிடம் விசாரித்த ஆய்வில் அந்த அறிகுறிகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. 2022இல்தான் அரசு மறுபடி பரிந்துரைக்கத் தொடங்கியது. நடுவில் போன வருஷங்களில் அந்த வயதைக் கடந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு உரிய வயதில் பாதுகாப்பு கிடைக்காமல் போயிற்று.

“ஆந்திராவுல ஏழு பொண்ணுங்க செத்துப்போனாங்க” என்று ஒரு செய்தி சுற்றுகிறது, அது உங்களுக்கும் வந்திருக்கலாம். பாத் என்ற அமெரிக்க அமைப்பு மாநில அரசுகளோடு சேர்ந்து 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண்களுக்கு இந்த ஊசியைப் போட்டது. கம்மம் இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் சேர்த்து ஏழு பெண்கள் இறந்தது உண்மை. 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். பூச்சிமருந்து, பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, காய்ச்சல் போன்ற காரணங்களே அந்த மரணங்களுக்குப் பின்னால் இருந்தன; ஊசியோடு தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்று அரசு வைத்த விசாரணைக் குழு சொன்னது. ஆனால் அதே விசாரணையும், 2013இல் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையும் சம்மதம் வாங்கிய விதத்தைக் கடுமையாகக் கண்டித்தன. விடுதியில் தங்கிப் படித்த பெண்களுக்குப் பெற்றோர் இடத்தில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்களிடமும் வீட்டாரிடமும் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. ஊசி குற்றவாளி இல்லை என்பதற்காக இந்தப் பாதியை நான் மறைக்க மாட்டேன். கேட்காமல் போட்டால் எவ்வளவு நல்ல மருந்தின் மேலும் நம்பிக்கை போய்விடும். அந்தக் கறை பதினைந்து வருஷம் கழித்தும் நம் ஊர் போன்களில் வந்து நிற்கிறது.

அந்த நிறுத்தத்தால் எதிர்பாராத ஒரு விளைவும் வந்தது. அதே சமயத்தில் இந்தியாவில் பல ஊர்களில் இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று வேறொரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்தச் சொன்னதால் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே டோஸோடு நின்றார்கள். அவர்களை விடாமல் பின்தொடர்ந்ததில், 10 வருஷம் கழித்தும் 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்குவதை ஒரு டோஸே 95 சதவீதம் அளவுக்குத் தடுத்தது என்று 2021இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு டோஸையும் ஏற்றுக்கொண்டதற்கு இது ஒரு முக்கிய ஆதாரம். இப்போது அதன் பரிந்துரை, 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

உறுதியில்லாததும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு டோஸ் ஆயுள் முழுக்கக் காக்குமா என்பது இன்னும் தீரவில்லை. நல்ல அறிகுறிகள் இருக்கின்றன, ஆனால் 30, 40 வருஷக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும். அந்த இந்திய ஆய்வு அளந்ததும் வைரஸ் தங்குவதைத்தான், புற்றுநோயை நேரடியாக இல்லை. செர்வாவேக் புதிய ஊசி. அது உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி பழைய ஊசிக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்து அனுமதித்திருக்கிறார்கள், புற்றுநோய் குறைந்த கணக்கு வருவதற்கு வருஷங்கள் ஆகும். இந்தப் புற்றுநோயில் மீதி 30 சதவீதம் போல அந்த நான்கில் சேராத வகைகளால் வருவதால், ஊசி போட்ட பெண்ணும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். “ஊசி போட்டா இனி வரவே வராது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லையோரத்தில் இருப்பதால் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கேரள அரசு 2025இல் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவிகளுக்குப் போடுவது என்று முடிவெடுத்தது. தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. இங்கே பத்தாவது முடித்துவிட்டுப் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ பதினொன்றாவது சேர்கிற பெண், இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடக்கூடும். உங்கள் தங்கை இங்கேயே ப்ளஸ் ஒன் படிப்பதால் அவள் பள்ளிக்கு வரும் ஊசி அவளுக்குச் சேர வேண்டியது. வயது வரம்பும் டோஸ் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் சப் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே போடுவதென்றால் செர்வாவேக் 2023இல் சந்தைக்கு வந்தபோது ஒரு டோஸ் 2,000 ரூபாய். 15 வயதிலிருந்து மூன்று டோஸ் என்று அதன் அட்டையில் இருக்கிறது. ஒன்பது வகைகளைத் தடுக்கிற வெளிநாட்டு ஊசி இதைவிடப் பல மடங்கு விலை. தோப்புக் கூலியில் வாழ்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும்போது விட்டுவிட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

தங்கையிடம் பேசும்போது அம்மா முன்னால் வைத்துப் பேசாதீர்கள். லீவுக்கு வரும்போது தனியாக, முதலில் அவள் என்ன கேள்விப்பட்டாள், யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். வகுப்பில் பெயர் கொடுத்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்களா, பட்டியலைச் சத்தமாக வாசித்தார்களா, பையன்கள் ஏதாவது சொன்னார்களா? அப்படி நடந்திருந்தால் அதற்குப் பொறுப்பு பள்ளிதான். நீங்களோ அம்மாவோ வகுப்பு டீச்சரிடம் பேசி, எல்லாப் பெண்களுக்கும் கவரில் தாள் கொடுத்துக் கவரிலேயே திருப்பி வாங்கச் சொல்லலாம். அம்மாவிடம் விளக்குகிற வேலையைத் தங்கையிடம் விடாமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உங்கள் வார்டு ஆஷா அக்காவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் அவள் வேண்டாம் என்றால், இழுத்துக்கொண்டு போய்ப் போடாதீர்கள். சட்டப்படி 18 வயதுக்குள் பெற்றோர் கையெழுத்து போதும் என்றாலும், அவளுடைய உடம்பு அவளுடையது. 26 வயது வரைக்கும் நம் நாட்டில் இதைப் போட அனுமதி இருக்கிறது. பள்ளியில் கிடைப்பது தவறிப்போகும், அது நஷ்டம்தான்; அதையும் மிரட்டாமல் சொல்லிவிடுங்கள். சரி என்றால், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், தளர்வான கை வைத்த உடை போடட்டும். முன்பு ஊசி பார்த்து மயங்கியிருந்தால் சிஸ்டரிடம் சொல்லட்டும், படுக்கவைத்துப் போடுவார்கள். ஊசியின் பெயர், தேதி, எத்தனையாவது டோஸ் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவள் கோயம்புத்தூருக்குப் படிக்க வந்தால் அந்த டாக்டருக்கு இந்தத் தாள்தான் தேவைப்படும்.

கடைசியாக அம்மா. நீங்கள் அவரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் இந்த நோய் வருகிற வயதில் இப்போது இருப்பவர் அவர்தான். 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழிமுறை. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கிற எளிய சோதனை அது, சில நிமிஷங்களில் முடிந்துவிடும், பணம் வாங்க மாட்டார்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் படுவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பின்னோ ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது என்று ஏதாவது இருந்தால் ஐந்து வருஷக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், தங்கை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இந்தச் சோதனை எந்தக் கிழமை நடக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.